அஞ்சலி அண்ணாச்சியின் கல்யாணச் சட்டை

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே கொஞ்ச காலமாக இறந்துபோன ஆண்கள் எல்லோரும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போனார்கள். வெள்ளைச் சட்டை, முழுக்கை, இடது தோளில் மடிப்புக் கலையாத ஜரிகைத் துண்டு. அது அஞ்சலி அண்ணாச்சியின் கல்யாணச் சட்டை.

திருத்தங்கலில் நான் பிழை திருத்தும் அச்சகத்தில் அவர் கம்ப்யூட்டர் ஆர்ட்டிஸ்ட். சீசனில் காலண்டரும் பட்டாசுப் பெட்டியும் செய்வார். மற்ற நாளெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். பெயரும் அப்படி வந்ததுதான். இறந்தவர் வீட்டிலிருந்து போனில் வரும் படத்தில் ஆள் பனியனோடு நிற்பார், அல்லது யாருக்கோ மொட்டையடிக்கும்போது ஓரமாகத் தெரிவார். அண்ணாச்சி தலையை மட்டும் வெட்டியெடுத்து, எப்போதோ கல்யாணச் சட்டையில் தன்னைத்தானே எடுத்து வைத்திருந்த படத்தின் கழுத்தில் பொருத்திவிடுவார். பெண்களுக்கு அவர் மனைவியின் அரக்குப் பட்டு.

"அண்ணாச்சி, உங்க உடம்பு எத்தன தடவதான் சாகும்?" என்று கேட்டேன்.

"தல தப்பிச்சுதுல்லலே, அது போதும்" என்றார்.

ஆனால் அவர் தன்னை ஓவியர் என்றுதான் நினைத்திருந்தார். உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு முகத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைய வேண்டும், அதுதான் ஆசை. யார் உட்காருவார்கள்? அவர் ஒருவரைச் சேர்ந்தாற்போல் உற்றுப் பார்த்தாலே போதும், அடுத்து நமக்குத்தான் போஸ்டர் என்று அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கிளாஸை மட்டும் நீட்டுவார். ஒருநாள் அண்ணாச்சி அச்சக முதலாளியிடம், "மொதலாளி, உங்க நெத்தி அம்புட்டு லட்சணமா இருக்கு" என்று சொல்லிவைத்தார். மறுநாள் முதலாளி மதுரைக்குப் போய் இருதயத்தைச் சோதித்துக்கொண்டு வந்தார். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும், அண்ணாச்சியின் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொல்லிவிட்டார்.

கடைசியில் அண்ணாச்சி தன் மனைவியைக் கேட்டார்.

"ஏற்கெனவே என் சேலையக் கட்டிக்கிட்டு ஊருல பாதிப் பொம்பளைக போயிட்டாக. இப்ப மொகத்தையும் கேக்கீகளாக்கும்?"

எனவே கத்தரிக்காய் வரைந்தார். "கத்தரிக்கா பயப்படாதுலே" என்றார். பிறகு குரல் இறங்கியது. "அசையாததையே பாத்துப் பாத்து கண்ணு மரத்துப்போச்சு. கண்ணு சிமிட்டுற மொகம் ஒண்ணாவது வரையணும். இல்லேன்னா நான் ஆர்ட்டிஸ்ட் இல்ல, சட்டைக்கடைக்காரன்."

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி வெடித்துப் பலர் இறந்த அன்று போனில் படங்கள் வந்துகொண்டே இருந்தன. அண்ணாச்சி ஒவ்வொருவருக்காக அந்தச் சட்டையைப் போட்டுவிட்டுக்கொண்டே இருந்தார். நான் பெயர்களில் பிழை பார்த்தேன்.

சில வாரம் கழித்து, இறந்தவர்களில் ஒருவரின் மனைவி முத்துமாரி, போஸ்டரை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, இது யாரு?"

"உங்க வீட்டுக்காரருதானம்மா."

"மொகம் அவுக மொகம். மத்தது யாரு? வெடிமருந்து ஒட்டும்னு அவுக ஒருநாளும் முழுக்கை போட்டதில்ல. ஊரே பாக்க யாரு சட்டையவோ மாட்டி விட்டிருக்கீக."

அண்ணாச்சி தன் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"நானும் பட்டாசுக்குத்தான் போறேன்" என்றார் முத்துமாரி. "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எவ சேலையவோ கட்டி விட்றாதீக. இப்பமே என்னைய என் சேலையில வரைஞ்சு குடுத்துருங்க. அசையாம உக்காருதேன்."

அப்படித்தான் அண்ணாச்சிக்கு உயிருள்ள முகம் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அச்சக வராந்தாவில், நீலப் பூனம் சேலையில், முத்துமாரி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அசையாமல் இருந்தது அந்த முதல் நிமிடம் மட்டும்தான். கொசுவை அடித்தார். போனில் தங்கையைத் திட்டினார். அண்ணாச்சி ஒருமுறைகூட ஆடாதீர்கள் என்று சொல்லவில்லை. முத்துமாரி கண் சிமிட்டும்போதெல்லாம் தலையை ஆட்டி ரசித்தார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் முகம் வந்தது, கோபம் வந்தது, சேலையின் சாயம் போன முந்தி வந்தது. இடது காது மட்டும் வரவில்லை.

"காது எங்க அண்ணாச்சி?"

"அடுத்த வாரம்மா."

"போன வாரமும் இதத்தான சொன்னீக?"

"வெளிச்சம் பத்தலம்மா."

நடு மத்தியானம். வெயில் வராந்தாவைப் பிளந்துகொண்டிருந்தது. முத்துமாரி முனகிக்கொண்டே பஸ்ஸுக்குப் போன பிறகு கேட்டேன்: "ஒரு காது வரைய எம்புட்டு நாளு அண்ணாச்சி?"

பிரஷ்ஷைத் துடைத்தார். "முடிச்சுக் குடுத்தா அதத் தூக்கி பீரோவுல வச்சுட்டு, எல்லாம் தயார்னு வேலைக்குப் போவா. காதில்லாத படத்தப் போஸ்டர்ல போட முடியாதுல்லலே."

நல்ல நேரம்கூடப் பார்க்காத மனிதர் அவர். இருந்தாலும் புதுப்பட்டிப் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் போனால் எழுந்துபோய்ப் படத்தைத் திறந்து அந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு வருவார்.

போன ஞாயிறு முத்துமாரி வர வெகுநேரமாகிவிட்டது. அண்ணாச்சி டீயைத் தொடவில்லை. நானும் ஒரே பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வாசலில் சத்தம் கேட்டது: "பஸ்ஸும் வரல, ஒண்ணும் வரல. இன்னைக்காச்சும் காத வைப்பீகளா, மாட்டீகளா?"

அண்ணாச்சி ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

அச்சுத்தாளில் தவறிய ஒரு புள்ளியைக்கூட நான் விடுவதில்லை. காதில்லாத அந்தப் படத்துக்கு எதிரே போகும்போது மட்டும் சிவப்புப் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொள்கிறேன்.