இறங்குவதற்கென்று ஒரு கார்

உலகத்தில் எல்லோரும் எங்கேயாவது போவதற்காகக் கார் வாங்குகிறார்கள். கதவண்ணன் மட்டும் இறங்குவதற்காக வாங்கினார்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. தபால் பெட்டியில் ஒட்டியும் வைத்திருந்தார். ஆனால் அமெரிக்காவில், பிளானோ என்ற ஊரில், நாங்கள் குடியிருந்த அபார்ட்மெண்டில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. கதவண்ணன் என்றால், தமிழ் ஒரு வார்த்தை தெரியாத மேனேஜர் அம்மாள்கூடக் கையைச் சிறகு மாதிரி மேலே தூக்கிக் காட்டிவிட்டு வீட்டைக் கைகாட்டுவார்.

கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவர். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்து அமெரிக்கா நம் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வரவழைத்தது இல்லையா, அந்தக் கூட்டத்தில் வந்தவர். வருடம் பிறந்தது. கம்ப்யூட்டர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கதவண்ணனுக்குத்தான் பிடித்தது.

எங்கேயோ போய் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவந்தார். பழைய வண்டி, இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். கியர் மாற்றச் சோம்பல் என்று ஆட்டோமேட்டிக்காகப் பார்த்து வாங்கியிருந்தார். அதுவரைக்கும் யாருக்கும் தொந்தரவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, சவப்பெட்டி நீளத்துக்கு ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்றைக்குத்தான் என் வயிறு எரிய ஆரம்பித்தது.

"அம்மிணி, கொஞ்சம் அந்த சோபாவ நகத்துங்க. இத சாமி படத்துக்கு முன்னால வெச்சுப் பிரிக்கோணும்."

"என்னண்ணே இது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கதவுக்குக் கீல், தம்பி. இத மாட்டுனா நம்ம வண்டிக் கதவு பக்கவாட்டுல தொறக்காது. அப்படியே மேல போகும். பருந்து றெக்க விரிச்ச மாதிரி."

"எதுக்குண்ணே மேல போகணும்?"

கதவண்ணன் இவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "மேல போறதுக்குத்தான் தம்பி."

இந்தப் பதிலில் என் வீட்டுக்காரர் விழுந்துவிட்டார். கல்யாணமான நாள் முதலாக வீட்டில் ஒரு பல்பு மாற்றாத மனிதர், அரைமணி நேரத்தில் கார்பெட்டில் குப்புறப் படுத்து ஒவ்வொரு ஸ்குரூவாகத் தடவிக் கொண்டிருந்தார்.

எனக்கு என்ன கஷ்டம் என்று சொல்லிவிடுகிறேன். நான் விருதுநகரில் பிளஸ் டூ வரைக்கும் படித்தவள். நான்கு பேர் திரும்பிப் பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். பிளானோவில் கார் ஓட்டத் தெரியாவிட்டால் வீட்டுச் சிறைதான். எங்கள் பால்கனியில் நின்றால் இந்தியக் கடையின் போர்டு கண்ணுக்குத் தெரியும். நடுவில் ஒரு டோல்வே, நடந்து கடக்க முடியாத சுங்கச் சாலை. கொத்தமல்லிக் கட்டு ஒன்று வேண்டுமென்றாலும் கீழ்வீட்டு ஆன்ட்டியிடம், "ஆன்ட்டி, நீங்க கடைப்பக்கம் போனா..." என்று இழுக்க வேண்டும். அந்த ஒரு வரியைச் சொல்வதற்கு நான் காலையிலிருந்து ஒத்திகை பார்ப்பேன்.

இதற்கு நடுவில் இவருக்கு வெளியூர் வேலை வந்துவிட்டது. தீபாவளி முடிந்ததும், வாராவாரம் திங்கட்கிழமை விமானம் ஏறினால் வியாழக்கிழமைதான் வருவார். கிண்டர்கார்ட்டன் போகும் எங்கள் மகளைக் கொண்டுபோய் விட, கூட்டிவர ஆள் இல்லை. தினமும் இரண்டு வேளை ஆன்ட்டியிடம் இழுக்க வேண்டும். நினைத்தாலே காய்ச்சல் வந்தது. அதற்குள் எனக்கு லைசென்ஸ் வாங்கித் தந்துவிடுவதாகவும், சனிக்கிழமைதோறும் அவர் ஆபீஸின் காலி பார்க்கிங்கில் ஓட்டக் கற்றுத் தருவதாகவும் இவர் சத்தியம் செய்திருந்தார். ஒரு சனிக்கிழமை கற்றும் தந்தார். அடுத்த சனிக்கிழமைதான் அந்தப் பெட்டி வந்தது.

பிறகு சனிக்கிழமை எல்லாம் கதவுக்குப் போய்விட்டது. காரின் முன்பக்கத்துத் தகட்டைக் கழற்றி, வைக்க இடமில்லாமல் எங்கள் பால்கனியில் என் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் சாத்தினார்கள். ரசத்துக்குக் கறிவேப்பிலை கிள்ளப் போனால் அந்தச் சிவப்புத் தகட்டில் என் முகமே தெரியும். நன்றாகத்தான் பளபளத்தது, பாவி. "அண்ணே, கீல் ஒரு நூல் வெளிய வரணும்ணே," என்று கீழேயிருந்து இவர் குரல் கேட்கும். அந்தக் குரலில் இருந்த கனிவு, எனக்கு டைபாய்டு வந்தபோதுகூட இருந்ததில்லை.

ஒருவழியாகக் கதவு மேலே போனது. முதலில் கொஞ்சம் வெளியே நகர்ந்து, யோசித்து, பிறகு மெதுவாக வானத்தைப் பார்த்து எழுந்தது. பால்கனிகளில் நின்ற சனம் முழுக்கக் கைதட்டியது. கதவண்ணன் கோயில் தேர் நிலைக்கு வந்த மாதிரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் கையும் தட்டப் பார்த்தது. அதட்டி முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று முதல் அவர் காரை ஓட்டினார் என்று சொல்வதைவிட இறங்கினார் என்று சொல்வதுதான் சரி. இந்தியக் கடை வாசலில் வண்டியை நிறுத்துவார். உடனே இறங்க மாட்டார். கண்ணாடியில் பார்த்து, தள்ளுவண்டியோடு நாலு பேர் சேர்ந்த பிறகுதான் கதவு எழும். அதற்கடியிலிருந்து முதலில் ஒரு செருப்பு, பிறகு வயிறு, கடைசியாகச் சிரிப்பு. ஒரு தயிர் டப்பா வாங்கிக்கொண்டு ஏறுவார். மறுபடி இறங்கி, மறந்துவிட்டதாகச் சொல்லிப் பச்சைமிளகாய் வாங்குவார். "கூல் கார், மேன்!" என்று எந்த அமெரிக்கப் பையன் சொன்னாலும், "நானே மாட்டுனதுங்க," என்று தமிழில் பதில் சொல்லி, அவன் தோளில் தட்டுவார். அவனுக்கும் புரிந்துவிடும்.

ஊரே அவரைப் பார்த்தது. நான்கு வருடமாக அதே கடைக்குப் போகிற என்னிடம் கடைக்காரர், "மேடம், நீங்க ஊருக்குப் புதுசா?" என்று கேட்டார்.

கடவுள் ஒரே ஒரு நாள் என் பக்கம் இருந்தார். வெயிலுக்குப் பயந்து கதவண்ணன் தகரக் கூரை போட்ட பார்க்கிங் இடத்தை வாடகைக்கு எடுத்தார். அளந்து அளந்து கீல் மாட்டிய இரண்டு கெட்டிக்காரர்களும், கூரையை அளக்கவில்லை. வண்டியை உள்ளே விட்டுக் கதவைத் தூக்கினார்கள். டொய்ங். ஒரு சாண் திறந்து தகரத்தில் இடித்து நின்றது. அந்தப் பக்கம், டொய்ங். பின்னால் எடுத்து வெளியே வந்து இறங்கியிருக்கலாம். அது இருவருக்குமே தோன்றவில்லை. ஹாரன் அடித்தார்கள்.

நான் போனபோது கதவண்ணன் ஜன்னல் வழியாக இடுப்பு வரைக்கும் வந்து சிக்கியிருந்தார்.

"அம்மிணி, கையக் குடுங்க. சும்மா இழுங்க, ஒண்ணும் ஆவாது."

"வண்டிய ரிவர்ஸ் எடுத்தா என்னண்ணே?" என்றேன் மெல்ல.

கதவண்ணன் தலையைத் திருப்பி வண்டிக்குள் பார்த்தார்.

"தம்பி, அம்மிணிக்கு இருக்கற அறிவப் பாத்தியா? வா, என்னய உள்ள இழு."

அன்றைக்கு எனக்கு இரண்டு தோசை கூடவே இறங்கியது.

என் சந்தோஷத்தின் பலனோ என்னவோ, அடுத்த வாரமே வலதுபக்கக் கதவுக்கு நோய் வந்தது. அதைத் தாங்குகிற கேஸ் ராடு வலுவிழந்து, தூக்கிய கதவு தானாக இறங்கி ஆள் தலையில் உட்கார ஆரம்பித்தது. முட்டுக் கொடுக்க என் மாப் கம்பை வாங்கிப் பாதியாக வெட்டிக்கொண்டார். இனி நான் குனிந்துதான் வீடு துடைக்க வேண்டும். "யாரோ கண்ணு வெச்சுப்போட்டாங்க அம்மிணி," என்றார் முகம் வாடி. யார் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

ஆயுத பூஜை வந்தது. திருஷ்டி கழிக்க வெள்ளைப் பூசணி எங்கும் கிடைக்கவில்லை. ஆனால் அக்டோபர் மாதமாயிற்றே, ஹாலோவீனுக்காகக் கடை வாசல் பூராவும் ஆரஞ்சுப் பூசணி மலை. அதில் பெரியதாக ஒன்றைக் கதவண்ணன் கட்டிப்பிடித்துத் தூக்கிவந்து, ஓட்டை போட்டுக் குங்குமத்தைக் கொட்டி, மேலே சூடம் ஏற்றி, நேராக என்னிடம் நீட்டினார்.

"நீங்கதான் சுத்திப் போடோணும் அம்மிணி. உங்க மாதிரி நல்ல மனசுக்காரங்க சுத்துனாத்தான் கண்ணு கழியும்."

பூசணியை வாங்கிக்கொண்டேன். பார்க்கிங்கில் அத்தனை பேர் பார்க்க அந்தக் காரைச் சுற்றினேன். ஊரார் கண், உறவுக்காரர் கண், வந்தவர் கண், போனவர் கண் என்று சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்து வீட்டுக்காரி கண் என்று மட்டும் வாயில் வரவே இல்லை. கதவண்ணன் பூசணியை ஓங்கி உடைத்தார். சிவப்பாகத் தெறித்தது. அந்தப் பக்கம் வந்த மேனேஜர் அம்மாள், "ஹாப்பி ஹாலோவீன்! வெரி ஸ்கேரி!" என்று மெச்சிவிட்டுப் போனார்.

அப்போது என் மகள் கணீரென்று சொன்னாள்: "அங்கிள், அம்மா ஹேட்ஸ் யுவர் கார்."

"ஏய், சும்மா இரு!"

"யூ ஸெட் இட், அம்மா. பிகாஸ் அப்பா வோண்ட் டீச் யூ டிரைவிங்."

கதவண்ணன் உடைந்த பூசணியைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஏன் தம்பி, அம்மிணிக்கு ஓட்டக் கத்துக் குடுக்கறத உட்டுட்டா எங்கூடப் படுத்துக் கெடந்தே?"

"நீங்க கூப்ட்டீங்கண்ணே..."

"நான் கூப்புடுவேன். எனக்கு ஊட்டுல ஆரு இருக்கா? உனக்கு இருக்காங்கல்ல?"

மறுநாள் காலை எங்கள் பழைய காரின் பின்சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு ஒரு சனி ஞாயிறு விடவில்லை. முன்சீட்டில் இவர் கற்றுத் தருவார். பின்சீட்டிலிருந்து அவர் இவருக்குக் கற்றுத் தருவார். "கத்தாத தம்பி, அவங்க நல்லாத்தான் ஓட்டறாங்க. அந்தக் கம்பம்தான் குறுக்க வந்துது." வலது கதவு மாப் கம்பில் நொண்டிக்கொண்டே கிடந்தது. அதை அவர் தொடவே இல்லை.

டெஸ்ட் வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை இவருக்கு விமானம். நானும் இவரும் எங்கள் காரில் முன்னால் போக, கதவண்ணன் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுத் துணைக்கென்று தன் காரில் பின்னால் வந்தார். தொப்பியும் மீசையுமாக மலை மாதிரி ஓர் ஆபீசர் எங்கள் காரை ஒரு சுற்று சுற்றி, முன்கண்ணாடியில் விரலை வைத்தார். வருடாந்திர இன்ஸ்பெக்‌ஷன் ஸ்டிக்கர் காலாவதி. இந்த வண்டியில் டெஸ்ட் கிடையாது.

"முன்ன எல்லா சனிக்கிழமையும் கதவுலயே போயிருச்சு, மறந்துட்டேன்," என்றார் இவர்.

எனக்கு அழுகை முட்டியது. ஆன்ட்டியின் வாசலும், நான் இழுக்கப்போகிற வரியும் கண்முன் வந்தன. பக்கத்தில் சாவி சத்தம் கேட்டது. கதவண்ணன். தன் காரை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. இவருக்குக்கூட.

"நம்ம வண்டி ஸ்டிக்கர் புதுசுங்க அம்மிணி. எடுத்துக்குங்க."

"அய்யோ, எங்கயாவது இடிச்சுட்டா?"

"இடிச்சா கண்ணு கழிஞ்சுதுன்னு வெச்சுக்கலாம். ஏறுங்க."

ஆபீசர் ஏறவேண்டிய பக்கத்துக் கதவைக் கதவண்ணன் தூக்கி, மாப் கம்பு அவமானம் என்று நினைத்தாரோ என்னவோ, உற்சவருக்குக் குடை பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் தலைக்கு மேல் தாங்கி நின்றார். ஆபீசர் அவரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு பயபக்தியாக உள்ளே குனிந்தார்.

எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். இரண்டு கம்பத்துக்கு நடுவே பார்க் செய்தபோது சாமி பெயர் சொன்னேன். சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். எனக்கு! திரும்பி வந்து நிறுத்தியதும் கதவண்ணன் வயிறு குலுங்க ஓடிவந்து கதவைத் தாங்கினார். ஆபீசர் இறங்கி, தொப்பியை மாட்டி, "யூ பாஸ்டு, மேம்," என்றார்.

பிறகு நான் இறங்க வேண்டும். உள்ளேயிருந்து கதவைத் தள்ளினேன். வெளியே நகர்ந்து, யோசித்து, மேலே எழுந்தது. வரிசையில் நின்ற கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் தொண்டை அடைக்கவில்லை. முதலில் செருப்பு, பிறகு நான், கடைசியில் என்னை அறியாமல் சிரிப்பு. மறுபடி ஒருதரம் ஏறி இறங்கினால் என்ன என்றுகூடத் தோன்றியது.

"பாத்தீங்களா அம்மிணி," என்றார் கதவண்ணன் மெதுவாக. அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த வருடம் கம்ப்யூட்டர் வேலைகள் உதிர்ந்தபோது அவர் வேலையும் போனது. ஊருக்குக் கிளம்பினார். கார் யார் கைக்கோ போனது. போகிற அன்று வந்து, வெட்டிய மாப் கம்பைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

பிளானோ ரோடுகளில் எனக்குத் தெரியாத சந்து இன்றைக்கு இல்லை. மூன்று கார் மாற்றியாகிவிட்டது. ஆனால் கூட்டமான இடத்தில் இறங்கும்போதெல்லாம் என் கை ஒரு நொடி கதவை மேலே தூக்கப் பார்க்கிறது. கதவோ எல்லார் கார்க் கதவையும் போலப் பக்கவாட்டில் திறக்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்போது கதவண்ணன்மேல் எனக்குப் பழைய பொறாமை அப்படியே பொங்கி வருகிறது. அது வராத நாளில் அவரை மறந்துவிட்டோமோ என்று பயமாக இருக்கிறது.