ஸ்பகெட்டிப் போரில் வலக்கை செய்த கலகம்

வாழ்க அகல்யா! புனேயின் லோஹேகாவ் விமானப்படைக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வளர்ந்தவளும், ஒன்பதாம் வகுப்பின் மூன்றாம் பெஞ்சுக்கு அணிகலனானவளும், எல்லாப் போட்டிக்கும் பெயர் கொடுத்து எதிலும் தேர்வாகாத பெரும்புகழ் படைத்தவளுமாகிய வெண்சட்டை வீராங்கனை வாழ்க! முள்கரண்டி ஏந்தி அவள் ஸ்பகெட்டியோடு பொருத வரலாற்றைக் கேளுங்கள்.

பள்ளிகளுக்கிடையிலான நட்புறவின் பேரால் இத்தாலியிலிருந்து ஆறு மாணவிகள் புனே மாநகர்மேல் படையெடுத்து வர இருந்தார்கள். ஐவருக்கு வீடு அமைந்துவிட்டது. எஞ்சியவள் கியாரா. அவள் தங்கப்போவது அகல்யாவின் வீட்டிலா, போசரியிலிருந்து வரும் ஜமீலாவின் வீட்டிலா என்ற பெருவினா எழுந்தபோது, ஐரோப்பியப் பண்பாட்டு மன்றத்தின் தனிப்பேரரசி ஸ்டெல்லா மிஸ் முழங்கினார்:

"ஸ்பகெட்டி சாப்பிடணும். முள்கரண்டி இடது கையில, வலது கை மடியில. உறிஞ்சக் கூடாது, சட்டையில சிந்தக் கூடாது. யாரு ஒழுங்கா முடிக்கிறாங்களோ, கியாரா அவங்க வீட்டுக்கு."

அந்தோ, இடக்கை! பிறந்தது முதல் சோற்றின் பக்கமே அண்டவிடப்படாத இடக்கை! அகல்யா வீட்டில் இடியாப்பத்தை வைத்துப் படைப்பயிற்சி தொடங்கிய வேளையில், அவளை ஈன்ற அமலா அடுப்படி வாசலில் இடியெனத் தோன்றினாள்.

"நொட்டாங்கையாலயாடி சாப்பிடுற? கருமம்!"

"யூரோப்ல இப்படித்தாம்மா."

"அவங்க எப்படியோ தின்னுட்டுப் போகட்டும். முதல்ல ஜன்னலைச் சாத்து, அந்த மராத்திக்காரம்மா, எதிர்வீட்டு காக்கு, பாத்துட்டா ஊரெல்லாம் சொல்லும்."

ஜன்னல் சாத்தப்பட்டது. இடியாப்பமெனும் மென்பகையோ தொட்ட மாத்திரத்தில் துண்டு துண்டாகச் சரணடைந்தது. எளிதில் வென்ற செருக்கில் அகல்யா தன் நெஞ்சக் கோட்டைக்குள் தானே முடிசூட்டிக்கொண்டு, கியாராவோடு பள்ளிப் பேருந்தில் வந்திறங்கும் தன்னையே கண்டு களித்தாள். தன்னைத் தேடி எந்தத் தோழியும் இதுவரை வீட்டுக்கு வந்ததில்லை என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடமும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளியின் உணவறை போர்க்களமாயிற்று. தக்காளிக் குருதி வழிய, ஆயிரம் நாகங்கள் பின்னிப் பிணைந்தாற்போல் தட்டில் கிடந்தது ஸ்பகெட்டி. அது இடியாப்பம் அன்று, அறுபடாது, அடிபணியாது. அகல்யா கரண்டியைச் சுழற்றச் சுழற்றத் தேர்ச்சக்கரமாய்த் திரண்டு எழும். வாயருகே வந்த கணத்தில் அவிழ்ந்து, மலையருவியாய் மீண்டும் தட்டிலே பாயும்.

"அரே அகல்யா, சாப்பிடுறியா, ஸ்வெட்டர் பின்னுறியா?" என்று எதிரே நகைத்தாள் ஜமீலா.

"உன் மூக்குல தக்காளி ஒட்டியிருக்கு, பாரு."

ஜமீலா தன் மூக்கைத் தானே காண முயன்று மாறுகண்ணான இடைவெளியில், அகல்யா தட்டின் தென்திசை முழுவதையும் வென்று முன்னேறினாள். இறுதியில் ஒற்றை இழை எஞ்சியது. நீண்ட இழை; நெடும்பகை. கரண்டி முனையில் ஏறி ஊசலாடிய அது, அவள் உதட்டை எட்டாமல் நழுவி, வெண்சட்டைமேல் விழத் துணிந்தது.

அப்போதுதான், மடிச்சிறையில் அதுவரை பொறுமை காத்த வலக்கை, அவளுக்கு நாள்தோறும் சோறூட்டி வளர்த்த வலக்கை, எவர் ஆணைக்கும் காத்திராமல் கருடனெனப் பாய்ந்து, இழையை நடுவானில் பற்றி, வாயிலிட்டு, அத்தோடும் நில்லாமல் விரல்களை ஒவ்வொன்றாக அவள் நாவுக்கு நீட்டியது.

"மிஸ்! கையால தின்னுட்டா மிஸ்!" என்று ஜமீலாவின் வெற்றி முரசு அதிர்ந்தது. கியாரா போசரிக்கு உரியவளானாள்.

புனேயின் முளா நதி வற்றியதோ, முட்டா நதி திரும்பிப் பாய்ந்ததோ என நின்ற அகல்யா, தன் வலக்கையை விரித்துப் பார்த்தாள். அதை வைய நினைத்தாள், வாய் வரவில்லை. அது அவளைக் காப்பாற்றத்தானே வந்தது? சட்டையில் ஒரு துளிச் சிவப்பும் இல்லை. தோற்றவளின் சட்டை இத்தனை வெண்மையாய் இருப்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சனி, ஞாயிறு என்னும் இரு பெரும் ஊழிகளை அவள் கட்டிலில் குப்புறக் கிடந்தே கடந்தாள்.

திங்கட்கிழமை காலை, வகுப்பு வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றார் ஸ்டெல்லா மிஸ்.

"அகல்யா, இத்தாலிப் பொண்ணுங்க ஆறு பேர்னாங்க, ஏழு பேரா வந்து இறங்கியிருக்காங்கம்மா. உங்க வீட்டுல ஒரு ஆள் படுக்க இடம் இருக்கா?"

"இருக்கு மிஸ்" என்றாள் அகல்யா.