அவசரத் துலக்கி

வலது கை தேய்க்கிறது. இடது கை வாஷ்பேசினின் விளிம்பைப் பிடித்திருக்கிறது. மேலே, கீழே, குறுக்கே, மறுபடி மேலே. அடிப்பிடித்த பால் பாத்திரத்திடம்கூட யாரும் இவ்வளவு வன்மம் காட்டமாட்டார்கள். நுரை முழங்கை வரை வழிந்துவிட்டது. பத்தரை மணிக்குப் பல் டாக்டர். இப்போது மணி பத்து. பதினோரு மாத வேலையை அரை மணியில் முடித்துவிடப் பார்க்கிறார்.

வாசகரே, இவர்தான் அவசரத் துலக்கி.

இந்த இனத்தை அடையாளம் காண்பது எளிது. ஸ்கூட்டருக்குக் கெடு தவறாமல் ஆயில் மாற்றுவார். டயரில் காற்று குறைந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார். செல்போன் திரைக்கு ஒரு கண்ணாடி, போனுக்கு ஓர் உறை, இரண்டையும் துடைக்க ஒரு மெல்லிய துணி என்று வைத்திருப்பார். பல் துலக்கும் பிரஷ்ஷோ, கலைந்த காக்கைக்கூடு மாதிரி நாலு பக்கமும் விரிந்து கிடக்கும்; அது முதலில் என்ன நிறம் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. தினமும் துலக்குகிறாரா? துலக்காமல் என்ன! பற்பசை பிரஷ்ஷைத் தொட்டது, பிரஷ் பல்லைத் தொட்டது, தண்ணீர் வாயைத் தொட்டது. முடிந்தது. இரவில்? தூங்கும்போது யார் பார்க்கப் போகிறார்கள்?

நான் சொல்லும் இவர் துணிக்கடையில் மேற்பார்வையாளர். நாள் முழுக்க வாசலில் நின்று சிரிப்பதுதான் உத்தியோகம். பதினோரு மாதத்துக்கு முன் மேல்வரிசை முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. டாக்டரம்மா பல்லில் ஈறோரம் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் பல்லக் காப்பாத்திடலாம். காலையிலயும் ராத்திரியும் மெதுவா ரெண்டு நிமிஷம் தேய்ங்க. பல்லுக்கு நடுவுல இந்த நூல விட்டு எடுங்க. மூணு மாசத்துல வந்து காட்டுங்க."

ஆடுகிற பல்லும் சேர்ந்து ஆடும்படி தலையாட்டினார்.

நான்கு நாள் சொன்னபடி செய்தார். ஐந்தாம் நாள் துப்பியதில் சிவப்பு.

"ஏங்க, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றார் மனைவி.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? தேய்க்கிறதாலதான ரத்தம் வருது? தேய்க்காம விட்டா தானா நின்னுடும்."

தீயணைப்பு வண்டி வந்ததால்தான் வீடு எரிந்தது என்பவரிடம் யார் வாதாட முடியும்? அந்த நூலும் வீணாகவில்லை. சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டார். மூன்று மாதம் பதினொன்றாயிற்று.

நான் அந்த மருத்துவமனையின் பின்னறையில் பல்செட் செய்பவன். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். காதைப் பொத்திக்கொண்டு செய்யக்கூடிய வேலையா இது?

"தினம் ரெண்டு வேளை தேய்க்கிறீங்களா?"

"தவறாம, டாக்டர்."

"இன்னைக்கு?"

"இன்னைக்குக் கொஞ்சம் கூடுதலாவே."

"தெரியுது. ஈறெல்லாம் கிழிஞ்சிருக்கு. நூல் எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப உறுதியான நூல், டாக்டர்."

அதில் மட்டும் பொய்யே இல்லை.

கருவிகள் சிறிது நேரம் கிண்கிணித்தன.

"இந்தப் பல்லு இனிமே நிக்காதுங்க. பிடிச்சு வைக்க எலும்பு இல்ல. எடுத்துடணும்."

முதல் முறையாக அவர் குரல் இறங்கியது. "கடையில நான் சிரிக்கணுமே, டாக்டர்."

பல் போயிற்று. புண் ஆறியதும் அளவு என் மேசைக்கு வந்தது. ஒரே ஒரு பல். மெழுகில் நிறுத்தி, வார்த்து, நாக்கை உறுத்தாத வரை விளிம்பை மெருகேற்றினேன். நிறத்துக்குத்தான் மூன்று நாள் ஆயிற்று. பக்கத்துப் பல்லின் மஞ்சள் எங்கள் நிற அட்டையிலேயே இல்லை.

வாங்க வந்தவர் கையில் ஒரு நோட்டு.

"இத எப்படிப் பாத்துக்கணும், சொல்லுங்கண்ணே."

"சாப்பிட்டதும் கழுவணும். படுக்கப் போறப்ப கழட்டி, பிரஷ்ல மெதுவா தேய்ச்சு, தண்ணியில போட்டு வைக்கணும்."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். 'மெதுவா' என்பதன் கீழே கோடு போட்டார். இதற்கென்றே புது பிரஷ் வாங்கிவிட்டாராம்.

"அப்ப மத்த பல்லுக்கு?"

"அதெல்லாம் சொந்தப் பல்லுண்ணே. அதுக்கென்ன?"

சிரிக்கிறீர்களா, வாசகரே? தாராளமாக. ஆனால் இதைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து உங்கள் நாக்கு கீழ்ப்பற்களின் பின்பக்கத்தை மூன்று முறை தடவிப் பார்த்துவிட்டது. அங்கே என்ன சொரசொரப்பு என்று நான் கேட்கவில்லை. நீங்களும் பத்தரை மணிக்குத்தானே போகப் போகிறீர்கள்? பத்து மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

பல்லைக் கழுவி அவரிடம் நீட்டினேன். இரண்டு கைகளாலும் வாங்கி, மாட்டிக்கொண்டு, கடைவாசலில் நிற்பதுபோல் வாய் நிறையச் சிரித்தார்.

அந்த வாயிலேயே ஆரோக்கியமான பல் அதுதான்.