ரின் ரீச்சரின் எலிப் பாஷாணம்

உலகத்தில் ஒருவரையும் நம்பாமல் ஒரு மனிதப் பிறவி அறுபத்திரண்டு வயது வரை சுகதேகியாக வாழலாம் என்பதற்குக் கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அத்தாட்சி இருந்தது. அந்த அத்தாட்சிக்கு நாங்கள் வைத்த பெயர் ரின் ரீச்சர். சொந்தப் பெயர் என்னவென்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன்.

"ஏன் கேக்கிறீர்?" என்றார்.

அதோடு விட்டுவிட்டேன்.

சண்டைக் காலம். காலி வீதி என்கிற பெருந்தெருவிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ஒரு பெரிய வீட்டை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார் ஒரு அன்ரி. முன்னறையில் நான். கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் கிளாக்கர் வேலை. பின்னறையில் ரீச்சர். யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்து, ஓய்வு பெற்று, ஷெல்லடிக்குத் தப்பி வந்தவர். குசினி எல்லோருக்கும் பொது. அதுதான் பிரச்சினையே.

ரீச்சரின் சாமான்கள் குசினியில் இருக்கவில்லை. அவருடைய கட்டிலுக்குக் கீழே இருந்தன. பால்மா ரின், பிஸ்கற் ரின், எங்கிருந்தோ கிடைத்த பெயின்ற் ரின் என்று எண்ணிப் பன்னிரண்டு தகர ரின்கள். அவற்றை நிரப்புவதற்குப் பன்னிரண்டு பைகள். கோதுமை மா வந்த சாக்குத் துணியை வெளுத்து, இரட்டைத் துணியாக மடித்து, தன் கையாலேயே தைத்தவை. ஒவ்வொரு பையின் வாயிலும் சிவப்பு நூலால் ஓர் எண் இருக்கும். 42. 45. 39. அது அந்த வெறும் பையின் நிறை, கிராமில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பைகளோடு அவர் சந்தியில் இருந்த, நானா என்று எல்லோரும் கூப்பிடுகிற முஸ்லிம் முதலாளியின் பலசரக்குக் கடைக்குப் போவார். கடைக்கு முன்னால் நிற்கிற சனம் தானாக ஒதுங்கிவிடும். ஒதுங்காவிட்டால் மத்தியானம் வரை நிற்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"நானா, முதல்ல பையை நிறுங்கோ."

"அதுலதான் எழுதி ஈக்கே ரீச்சர், நாப்பத்திரெண்டு எண்டு."

"எழுதினது நான். நிறுக்கிறது நீங்கள். ரெண்டும் ஒத்து வருதோ எண்டு பாக்கவேணும்."

ஒத்து வரும். வந்தால் அவருக்குச் சந்தேகம் கூடும். எப்படி இவ்வளவு சரியாக ஒத்து வந்தது? தராசின் தட்டுகளை இடம் மாற்றிப் போடச் சொல்வார். தராசைத் தூக்கி அடியில் காந்தம் இருக்கிறதா என்று தடவுவார். நானா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். அறுபதைத் தொட்ட மனிதர், வெள்ளைத் தொப்பி, கோடு போட்ட சாரம். ஒருநாளும் கோபித்ததில்லை.

"எங்கட வாப்பா பள்ளிக்கூடம் அனுப்பாத குறை, ரீச்சர் வந்து தீர்க்கிற" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

கடதாசிப் பையில் எதையும் வாங்க மாட்டார் ரீச்சர். ஒரேயொரு முறை, பை கொண்டுவர மறந்த நாளில், நானா கடலையை ஒரு பள்ளிக்கூடத் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டார். ரீச்சர் கடலையைச் சேலைத் தலைப்பில் கொட்டிவிட்டுத் தாளை விரித்துப் பார்த்தார். எந்தப் பிள்ளையோ செய்த பின்னக் கணக்கு. அங்கேயே நின்று சிவப்புப் பேனையால் திருத்தி, நூற்றுக்கு முப்பத்தெட்டுப் புள்ளி போட்டு, நானாவிடம் நீட்டினார்.

"இந்தத் தாளில பாதிக்கு மேல பிழையான விடை. இதில சுத்தின கடலையின்ர நிறை மட்டும் சரியாயிருக்குமோ?"

பிளாஸ்டிக் சொப்பிங் பை என்றால் இன்னும் மோசம். "அது ஆரின்ர கையிலயிருந்து வந்ததெண்டு ஆருக்குத் தெரியும்?" என்று விரல் நுனியால்கூடத் தொட மாட்டார்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் பின்னேரம் வேலையால் வந்தேன். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. அன்ரி கோயிலுக்குப் போய்விட்டார். ரீச்சரும் அவரோடு. ரீச்சர் எப்போதும் பூட்டிவிட்டுப் போகிற அறை, அன்றைக்கு என்ன கிரகமோ, பூட்டாமல் கிடந்தது. கட்டிலுக்குக் கீழே குனிந்து ஒரு பால்மா ரின்னைத் திறந்தேன். சீனிதான். ஆனால் சீனியின் மேற்பரப்பைச் சமமாகத் தடவி, அதில் விரலால் ஒரு வர்க்கமூலக் குறி கீறப்பட்டிருந்தது.

மூளைசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டு கரண்டி எடுத்தேன். மேற்பரப்பைத் தடவினேன். அதேபோல ஒரு வர்க்கமூலம் கீறினேன். மூடினேன்.

அடுத்த நாள் காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது ரீச்சர் பின்னால் வந்து நின்றார்.

"தம்பி, நீர் ஓலெவல் சோதினையில கணக்குக்கு என்ன எடுத்தனீர்?"

"சாதாரண சித்தி, ரீச்சர். மட்டுமட்டாப் பாஸ். ஏன்?"

"அதுதானே பாத்தன். வர்க்கமூலத்துக்கு வால் அந்தப் பக்கம் வராது."

அவ்வளவுதான். ஆனால் அந்தக் கிழமையே ரின்களில் லேபல் ஏறியது. சீனி ரின்னில் "எலிப் பாஷாணம்". பருப்பு ரின்னில் "சலவைச் சோடா". பால்மாவில் "சுண்ணாம்பு". எது எதுவென்று வேறு யாருக்கும் தெரியாதபடி ரின்களின் இடத்தையும் மாற்றிவிட்டார். கள்ளன் எந்த இனத்தவனாகவும் இருக்கலாம் என்பதால் லேபல்கள் தமிழ், சிங்களம், இங்கிலிஷ் என மூன்று மொழியிலும் இருந்தன. நாட்டில் மூன்று மொழியையும் அவ்வளவு நேர்மையாக அமுல்படுத்திய வேறொரு இடத்தை நான் அப்போது கண்டதில்லை. சிங்களத்தில் எழுதிக் கொடுத்தவர் நானா. வேறு வழியில்லாமல் ரீச்சர் அவரிடம் மட்டும் உள்ளே என்ன இருக்கிறதென்று காதில் சொல்லியிருந்தார்.

சில மாதங்கள் கழிந்தன. நகரத்தில் எங்கோ குண்டு வெடித்தது. அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எங்கள் ஒழுங்கையின் இரண்டு முனைகளையும் மறித்துக்கொண்டு பொலிசும் ஆமியும் வீடு வீடாக ஏறின.

நான் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, வேலைக் கடிதம் மூன்றையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். இருபத்தாறு வயது, யாழ்ப்பாண விலாசம். பிடிப்பதென்றால் என்னைத்தான் பிடிக்கவேண்டும். ஒரு சிப்பாய் ரீச்சரின் கட்டிலுக்குக் கீழே டோர்ச் அடித்தான். பிறகு இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டான். பிறகு எவரும் என் கடிதத்தை வாசிக்கவேயில்லை.

இன்ஸ்பெக்டர் "எலிப் பாஷாணம்" என்று எழுதிய அந்தப் பெரிய பால்மா ரின்னைத் தூக்கிக் குலுக்கினார். இரண்டு கிலோவுக்குக் குறையாது. மொழிபெயர்க்க என்னை அழைத்தார்.

"இவ்வளவு விஷம் எதற்கென்று கேட்கிறார், ரீச்சர்."

ரீச்சர் அன்ரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் நாங்கள் இருவரும் தெரிந்துகொண்டுவிடுவோம்.

"எலிக்கு" என்றார்.

"எத்தனை எலி என்று கேட்கிறார்."

"எண்ணினதில்லை. எண்ணாமல் ஒரு தொகையும் சொல்லமாட்டன்."

இன்ஸ்பெக்டரின் கண் கூரையிலிருந்த தண்ணீர்த் தாங்கிப் பக்கம் போனது. ஊரார் குடிக்கிற தண்ணீரில் கலக்க வைத்திருக்கிறோம் என்று அவர் நினைப்பது எனக்கு விளங்கியது. அந்தக் காலத்தில் இதைவிடச் சின்னச் சந்தேகத்துக்கு ஆட்கள் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். ரீச்சரையும் ரின்களையும் ஜீப்பில் ஏற்றினார்கள். மொழிபெயர்க்க என்று நானும் ஏறினேன். ஏறுமுன் அன்ரியின் காதில், "ஓடிப்போய் நானாவுக்குச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

பொலிஸ் நிலையத்தில் மேசை மேல் ரின்கள் வரிசையாக நின்றன. ரீச்சர் சுவரோரம் மர வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஆனால் மடியிலிருந்த கைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்ததை நான் கண்டேன்.

"ரீச்சர், சீனி எண்டு சொல்லிவிடுங்கோ" என்று கெஞ்சினேன்.

"சீனி எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

பொலிசை விட்டுவிட்டு என்னை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்! எனக்கு அழுகை வந்தது.

"அண்டைக்கு உங்கட சீனியை எடுத்தது நான்தான். ரெண்டு கரண்டி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ரீச்சர் இன்ஸ்பெக்டரின் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு பிரகாசம். "கேட்டீங்களோ? உங்களுக்கு முன்னால ஒத்துக்கொண்டிட்டார். இதைச் சிங்களத்தில சொல்லும் தம்பி, ஒரு சொல்லும் விடாமல்."

விடாமல் சொன்னேன். பிறகு அவர் அமைதியாக, இந்த ரின்னில் இருப்பது சீனி என்றார். அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. சிங்களத்திலும் சீனி சீனிதான்.

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. பிடிபட்ட பிறகு யார்தான் விஷத்தை விஷம் என்பார்கள்? ஒரு கரண்டியை எடுத்து நீட்டி, "சாப்பிட்டுக் காட்டச் சொல்" என்றார்.

ரீச்சர் கரண்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதால முதல் ஆர் சாப்பிட்டது?"

"ரீச்சர்!"

"கேட்டுச் சொல்லும்."

நான் சாப்பிடுகிறேன் என்று கையை நீட்டினேன். நீட்டிய கை ரின்னுக்கு மேலே நின்றுவிட்டது. இடம் மாற்றி வைக்கும்போது உண்மையிலேயே ஏதாவது மாறுபட்டிருந்தால்? ஒரு கணம்தான். ஆனால் ரீச்சர் அதைக் கண்டார். இன்ஸ்பெக்டரும் கண்டார். அந்தக் கணத்துக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

அப்போதுதான் வாசலில் நானா வந்தார். கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது. மேசையைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். ரின்னுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி வாய்க்குள் போட்டார். மென்றார். இன்னொரு பிடி அள்ளினார்.

"சீனி, மஹத்தயா. நான் வித்த சீனி" என்றார் வாய் நிறைய.

பிறகு ஒவ்வொரு ரின்னாக மூடியைக் கழற்றினார். இது மைசூர்ப் பருப்பு. இது பால்மா. இது கௌபிப் பயறு, போன ஞாயிறு கொடுத்தது. இன்ஸ்பெக்டரின் உதடு துடித்தது. பிறகு அவர் சிரிக்கத் தொடங்க, நிலையமே சிரித்தது. தேத்தண்ணி வந்தது. சீனி போதாதென்று ஒரு கொன்ஸ்ரபிள் ரின்னை எட்டினார். ரீச்சர் தன் கையாலேயே ஆளுக்கு ஒரு கரண்டி, தலை தட்டி, போட்டுவிட்டு மூடிக்கொண்டார். லேபலைக் கிழித்துவிடும்படி சொல்லி எங்களை வெளியே விட்டார்கள்.

காலி வீதியில் மூவரும் ரின்களோடு நடந்தோம். கொஞ்சத் தூரம் போனபின் ரீச்சர் கேட்டார்.

"நானா, உங்களுக்குச் சீனி வருத்தமெல்லோ?"

"ஓம் ரீச்சர். பத்து வருஷமா மருந்து குடிக்கிற."

"பிறகென்னத்துக்கு ரெண்டு பிடி சாப்பிட்டனீங்கள்?"

"ஒரு பிடிக்கு அவரு நம்பல்லையே."

"நான் மாறி ஏதும் போட்டிருந்தால்?"

நானா நின்று தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "ரீச்சர் ரின்னுலதான் பொய் எழுதுவீங்க. வாயால சொல்ல மாட்டீங்க. எனக்குத் தெரியாதா?"



அடுத்த ஞாயிறு நானும் கடையில் நின்றேன். ரீச்சர் பையை நீட்டினார். நானா பழக்க தோஷத்தில் வெறும் பையைத் தராசில் வைத்தார். "தேவையில்லை. போட்டுத் தாங்கோ" என்றார் ரீச்சர். நானா பருப்பு அள்ளிப் போட்டு நிறுத்து முடிக்கும்வரை ரீச்சர் வீதியில் போகிற பஸ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு கழுத்து நரம்பில் தெரிந்தது.

என்னை மட்டும் மன்னிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த வருடம் எனக்கு லண்டனுக்கு விசா வந்தது. புறப்படுகிற அன்று பின்னேரம் என் பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தேன். ரீச்சர் வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். "இது பூட்டோ?" என்றுவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். வாடகை வான் வரும்வரை ஒன்றரை மணித்தியாலம். தண்ணீர் குடிக்கக்கூட எழும்பவில்லை.

விமான நிலையத்துக்குப் போகிற வழியெல்லாம் சோதனைச் சாவடி. அந்த நாட்களில் வானில் ஏறிய இளைஞர் எல்லோரும் போக நினைத்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்ரி அழுதார். நானா கடை வாசலில் நின்று கையை உயர்த்தினார். வான் காலி வீதிக்குத் திரும்புமுன் பின்கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன்.

ரீச்சர் கை அசைக்கவில்லை. ஒழுங்கையின் நடுவில் நின்று, மூக்குக் கண்ணாடியை ஒரு விரலால் தூக்கிப் பிடித்தபடி, வானின் இலக்கத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தார்.