ஒரு வருஷ வாய்தா

"பேட்ச் நம்பர் கேக்குறான். சொல்லு."

தலையில் சுற்றிய துண்டோடு வேல்விழி குளியலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மாமியார் சொர்ணாம்பாளின் காதில் இருந்தது வேல்விழியின் போன்.

"யாரு அத்தை?"

"ஏதோ மாத்திரை கம்பெனியாம். மாத்திரையில கோதுமை கலந்திருக்குதான்னு நேத்து கேட்டியாம். அட்டையில இருக்கிற நம்பர சொன்னாத்தான் பாத்துச் சொல்லுவானாம். எந்த மாத்திரை?"

அது கருத்தடை மாத்திரை.

வேல்விழிக்கு சீலியாக் நோய். ஒரு துளி கோதுமை உள்ளே போனாலும் அவள் உடம்பு அவள் குடலையே தாக்கும். "குடல் ஆறணும், ரத்தம் ஏறணும். ஒரு வருஷத்துக்குக் குழந்தை வேண்டாம்" என்று புதுச்சேரி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். சில மாத்திரைகளில் கோதுமை மாவு சேரும், விசாரித்துவிட்டுப் போடு என்றும் சொன்னார். அவள் போட ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்துத்தான் விசாரித்தாள். மாத்திரையில் கோதுமை இருந்தால் குடல் ஆறாது. குடல் ஆறாவிட்டால் மாத்திரை ஒழுங்காக வேலை செய்யுமா என்பதே சந்தேகம்.

கோதுமை ஆகாது என்பது மாமியாருக்குத் தெரியும். இந்த மாத்திரையைப் பற்றி யார் சொல்வது? "உங்க அம்மா, நீங்க சொல்லுங்க" என்றாள் வேல்விழி. "பொம்பளைங்க விஷயம், நீ சொல்லு" என்றான் சேரன். ஆகவே யாரும் சொல்லவில்லை.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே செராமிக் கம்பெனியில் வேலை. அவன் சூளையில், அவள் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற இடத்தில். சூளையில் விரிசல் விட்ட பீங்கான் வாத்து ஒன்று வீட்டு அலமாரியில் இருந்தது. அதன் அடி ஓட்டை வழியாக மாத்திரை அட்டையைச் செருகி வைத்தாள். போகிக்கு வீட்டையே கவிழ்த்துத் துடைத்த சொர்ணாம்பாள் வாத்தையும் துடைத்து அதே இடத்தில் வைத்தாள். வாத்து வாய் திறக்கவில்லை.

"எந்த மாத்திரைன்னு கேக்குறேன் இல்ல?"

"மாசி மகம் வருது இல்லிங்களா அத்தை… கோயிலுக்குப் போறப்ப தூரமாயிடக் கூடாதுன்னு… தள்ளிப் போடுற மாத்திரை."

சொர்ணாம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு போனில், "சாமி காரியம் தம்பி, அப்பறம் பேசுறோம்" என்று வைத்துவிட்டாள்.

தப்பித்தோம் என்றுதான் வேல்விழி நினைத்தாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் வாசலில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"சாமிக்காக மாத்திரை போடுறியாமே! எனக்கும் ஒண்ணு குடு" என்றாள் எதிர்வீட்டுப் பெரியம்மாள்.

"ஒருத்தர் மாத்திரை இன்னொருத்தருக்கு ஆவாதுக்கா."

"பாத்தியா, புண்ணியத்தக்கூடப் பங்கு போட மாட்டேங்குறா!"

"வுடு பெரியம்மா" என்று உள்ளேயிருந்து வந்தாள் சொர்ணாம்பாள். "இவ்ளோ பக்தியா இருக்குறவ கேட்டா சாமி இல்லன்னா சொல்லப்போறாரு? நாளைக்கு வெள்ளிக்கிழம. கொளஞ்சியப்பர் கோயில்ல கொழந்தைக்குப் பிராது கட்டுறோம். எல்லாரும் வாங்க."

அன்றிரவு சேரனிடம் சொன்னாள். "ஒரு காகிதந்தான, கட்டிட்டு வா" என்று அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மணவாளநல்லூர்க் கோயிலில் குறையைக் காகிதத்தில் எழுதி வேலில் கட்டுவார்கள். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுக்கிற மாதிரிதான், ஆனால் இங்கே விசாரணை நிச்சயம் உண்டு என்று ஊரே நம்பும். சொர்ணாம்பாள் காகிதத்தை நீட்டினாள்.

"உன் கையாலயே எழுது. உள்ளது உள்ளபடி எழுதணும். பொய் எழுதுனா சாமி சும்மா வுடாது."

ஒரு நாளைக்கு இருநூறு பொம்மைக்குப் பிசகாமல் கண் எழுதுகிறவள் முதல் எழுத்தையே இரண்டு தடவை அடித்து எழுதினாள். பெரியம்மாள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்க, வேல்விழி உடம்பால் மறைத்துக்கொண்டு எழுதினாள்.

'கொளஞ்சியப்பா, குழந்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வருஷம் வாய்தா கொடு. மாத்திரையில் கோதுமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அதையும் நீயே விசாரி.'

மடித்துக் கட்டிவிட்டுத் திரும்பினாள். சொர்ணாம்பாள் தேங்காய் உடைக்கப் போயிருந்தாள். அந்த இடைவெளியில் பெரியம்மாள் யாரோ கொடுத்த பிரசாத இலையோடு வந்து, ஒரு பெரிய கவளத்தை வேல்விழியின் வாயில் திணித்தாள்.

ரவை கேசரி. ரவை என்றால் கோதுமை.

துப்பினால் சாமி குத்தம். விழுங்கினாள்.

சாமி கும்பிட்டு, உட்கார்ந்து, ஊர்க்கதை பேசி, பஸ்ஸுக்கு வந்து நிற்பதற்கு இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. பஸ் வந்து நின்றபோது வேல்விழி வேலி ஓரமாகக் குனிந்தாள். கேசரி வந்தது, காலைச் சோறு வந்தது. சோறு தின்றவுடன் போட்ட மாத்திரையும் அதோடு போயிருக்குமோ என்று அவள் கலங்கிக்கொண்டிருந்தபோது பின்னால் குலவைச் சத்தம் கேட்டது.

"இன்னிக்குப் பிராது, இன்னிக்கே தீர்ப்பு!" என்று பெரியம்மாள் குதித்தாள். கண்டக்டர்கூட "வாழ்த்துகள்மா" என்றார்.

சொர்ணாம்பாள் மட்டும் சிரிக்கவில்லை. பெரியம்மாள் கையிலிருந்த இலையை முறைத்தாள். பிறகு மருமகளின் கையைப் பிடித்தாள்.

"நட, வாசுகிகிட்ட போவலாம்."

வாசுகி அரசாங்க நர்ஸ். சொர்ணாம்பாளோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அந்தப் பயத்தில்தான் வேல்விழி இத்தனை நாள் அவளிடம் வாயே திறக்கவில்லை. இப்போது வாயில் கேசரி வாடையோடு அவள் முன்னால் நின்றாள்.

தோழிகள் இருவரும் வாசலில் ஏதோ கிசுகிசுத்தார்கள். வாசுகி கதவைச் சாத்திவிட்டு வந்து சோதனை செய்தாள்.

"கோடு ஒண்ணுதான். ஒண்ணும் இல்ல."

வேல்விழி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அக்கா, அத்தைகிட்ட சொல்லிடாதீங்க. நான் ஒரு மாத்திரை போடுறேன். அதுல கோதுமை இருக்குதான்னு மட்டும்…"

வாசுகி கையைக் கழுவிக்கொண்டே திரும்பினாள்.

"சாமி பேருல பொய் சொன்னதுக்குத்தான் உன்னப் பிராது எழுத வச்சாளாம். மத்தபடி பொங்கல் முடிஞ்ச மறுநாளே அந்த வாத்த இடுப்புல தூக்கிக்கிட்டு வந்து, என்ன வுட்டுக் கம்பெனிக்குப் போன் போட வச்சு, அதுல கோதுமை இல்ல, மக்காச்சோள மாவுதான்னு கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டுத்தான் போனா உன் மாமியார்."