எலிக்குக் குணமான சேதி

கைகள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும். நோயாளிக்கென்று வாங்கி வந்த பழம்தான். சுளை சுளையாக நார் நீக்கி, பேச்சு சுவாரசியத்தில் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு, ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிக்குப் புற்றுநோய் குணமான சேதியைக் கட்டிலோரம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பார். எலி வைத்தியர் என்று இந்த இனத்துக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். நோயாளிகளுக்குப் படுக்கை விரித்தே வயதானவள் நான். இவர் வந்து உட்காராத கட்டிலோரம் இல்லை. உங்கள் வீட்டுக்கும் வந்திருப்பாரே?

சேதியில் மேல் பாதிதான் அவருக்கு வேண்டும். கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்கள் மேல் மருந்தை ஊற்றினார்கள், செத்தன என்று படித்தால், நோயே ஒழிந்தது என்பார். தட்டுக்கு ஈரல் உண்டா? வாந்தி உண்டா? அதெல்லாம் அவர் காதில் ஏறாது.

எங்கள் வீட்டு எலி வைத்தியர் சித்தப்பா மகன். என் தங்கைக்கு மார்பில் கட்டி. மறுநாள் காலை மூன்றாவது ஊசி. முதல் இரண்டிலேயே முடி கொட்டி, சாப்பாடு இறங்காமல் கிடந்தாள். கட்டி சுருங்கிக்கொண்டுதான் வந்தது. கூடவே அவள் மனசும் சுருங்கிப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து இவர் ஒரு புட்டியை நீட்டினார். ஏதோ வேரின் சாறாம். எலிக்குக் கட்டியைக் கரைத்துவிட்டதாம். ஊசியை நிறுத்திவிட்டு இதைக் குடிக்க வேண்டுமாம்.

"நாளைக்கு ஊசி வேண்டாம்னு பாக்கறேன்க்கா," என்றாள் தங்கை, என் முகத்தைப் பார்க்காமல்.

நான் அவரிடம் திரும்பினேன். "அந்த எலிங்க இப்போ எப்படி இருக்கு தம்பி?"

கைபேசியை எடுத்துத் தேடினார். கடைசி வரை படித்துப் பழக்கமில்லாத மனிதர். அடிப்பக்கம் வந்ததும் குரலும் இறங்கிவிட்டது. சோதனை முடிந்ததும் எலிகளைக் கொன்று அறுத்துப் பார்த்தார்களாம்.

"குணமானதையா கொன்னாங்க?" என்றாள் தங்கை.

"கட்டி கரைஞ்சிருக்கான்னு பின்ன எப்படிப் பாக்கறது?" என்றேன் நான். "அது அவங்க வேலை, ஒழுங்காத்தான் செய்யறாங்க. உன் ஊசியும் ஒரு காலத்துல எலிக்குப் போட்டதுதான்டி. அங்கேயே நிக்காம, எத்தனையோ மனுஷங்களுக்குப் போட்டுப் பாத்து உன்கிட்ட வந்திருக்கு. தம்பியோட புட்டி இன்னும் எலிக் கூண்டை விட்டே வெளிய வரல."

தங்கை சிரித்தாள். புட்டியை அவர் பக்கமே தள்ளினாள்.

நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று முனகினார். அதுதான் இந்த இனத்தின் தொல்லை. கெட்ட எண்ணம் இருந்தால் வாசலோடு அனுப்பிவிடலாம்.

மறுநாள் காலை தலையில் துணியைக் கட்டிக்கொண்டு தங்கை ஊசிக்குப் போனாள். வண்டி ஓட்டி வந்தது அவர்தான். அவள் உள்ளே போனதும், காத்திருக்கும் அறையில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் எலியைத் தொடங்கினார். அந்த ஆள் முடிக்க விடவில்லை. அவருக்குத் தெரிந்து ஒரு மீனுக்கே குணமாகிவிட்டதாம்.

என்ன மீன் என்று கேட்க உங்களுக்கும் வாய் துறுதுறுக்கிறதா? அப்படியானால் நீங்களும் இந்த இனம்தான். அடுத்த முறை நோயாளியைப் பார்க்கப் போகும்போது வாசலில் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.