ஓஸ்மோ மாமாவின் துவைக்காத பனியன்

குசிவாரா,
மார்ச் 29, 2020, ஞாயிறு

அன்புள்ள ஹில்க்கா அத்தைக்கு,

தைமி எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். எனக்கு இருமல் இல்லை. அப்பாவுக்கு இருந்த தொண்டை வலி போய்விட்டது. போன வருடம் வரை கடிதத்தில் நலமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன். நீங்கள் நலமா? கடைக்கு நீங்களே போகிறீர்களா, யாராவது வாங்கித் தருகிறார்களா? நீங்கள் அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. அப்பா சொன்னபடி மூன்று நாள் வாசலில் பனிமேல் போட்டு வைத்திருந்துவிட்டு எடுத்தோம். இப்போது போட்டிருக்கிறேன்.

எனக்குப் போனில் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு யாரிடமும் எதையும் சொல்ல வரும். அதனால் ஓர் உதவி கேட்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னால், எனக்காக ஒருவருக்குப் போன் செய்து, ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதை முதலிலேயே எழுதினால் நீங்கள் இப்போதே போனை எடுத்துவிடுவீர்கள். அதனால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐஸ் ஹாக்கி நீங்கள் பார்ப்பதில்லை. ஆனாலும் எங்கள் ஊர் நீர்நாய்கள் அணி இந்த வருடம் என்ன செய்தது என்று உங்கள் காதுக்கு வந்திருக்கும். ஜனவரியில் ஒரு ஆட்டம் தோற்றார்கள். அதன் பிறகு பதினோரு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தார்கள். அதில் கடைசி மூன்று அரையிறுதி ஆட்டங்கள். நான்கு ஜெயித்தால் இறுதிப் போட்டி. மார்ச் பன்னிரண்டாம் தேதி மூன்றாவதை ஜெயித்தார்கள். பதிமூன்றாம் தேதி காலையில், தொற்றுநோய் காரணமாக ஆட்டங்கள் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகின்றன என்று கடிதம் வந்துவிட்டது. அன்று உடைமாற்றும் அறையில் இருபத்து மூன்று ஆண்கள் தாடியோடு பெஞ்சில் உட்கார்ந்து ஆறிப்போன சாசேஜைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறுதிச் சுற்று தொடங்கினால் தோற்கும்வரை யாரும் சவரம் செய்யக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். கேப்டன்தான் முதலில் பேசினார்.

"நிறுத்திதான் வைச்சிருக்காங்க. முடிக்கல. தாடி இருக்கட்டும்."

"எத்தனை நாளைக்குப்பா? என் பொண்ணு என்னைப் பாத்து அழுவுறா."

"தாடி இல்லாதப்பவும் அழுதாளே."

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

தாடியில் எனக்குச் சம்பந்தம் இல்லை. பனியனில்தான் சம்பந்தம். கோல்கீப்பர் ஓஸ்மோ மாமாவை உங்களுக்குத் தெரியும், உங்கள் அறுபதாவது பிறந்தநாளுக்கு வந்து கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டவர். தொடர்ந்து ஜெயிக்கும்வரை அவர் கவசத்துக்கு உள்ளே போடும் முழுக்கை பனியனைத் துவைக்கக் கூடாது. இது சட்டம் மாதிரி. அணியின் சாமான்களுக்கு அப்பா பொறுப்பு, துணிகளுக்கு நான். அப்பா அந்தப் பனியனை உலர்த்தும் அறையின் மூலையில் ஒரு கொக்கியில் மாட்டி, மேலே ஒரு அட்டையில் தன் கையால் 'தொடாதே' என்று எழுதி வைத்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் அவர்தான் மாட்டுவார், அவர்தான் எடுத்துக் கொடுப்பார். அந்த மூலையில் எப்போதும் ஒரு வாடை. ஆட்டத்துக்குப் போகும்போது பையன்கள் ஒவ்வொருவராக வந்து, கும்பிடுகிற மாதிரி அந்தப் பக்கம் ஒரு தடவை மூக்கை நீட்டிவிட்டுப் போவார்கள்.

அரங்கத்தைப் பூட்டிய வாரம் அப்பாவுக்குத் தொண்டை வலித்ததால் வீட்டிலேயே இருந்தார். சாவி என்னிடம் இருந்தது. புதன்கிழமை போனபோது கதவில் நகராட்சிச் சுகாதாரப் பிரிவின் தாள் ஒட்டியிருந்தது. உள்ளே இருக்கும் எல்லாத் துணிகளையும் அறுபது டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும், எதற்கும் விலக்கு இல்லை என்று போட்டிருந்தது. நான் எல்லாவற்றையும் துவைத்தேன். ஜெர்சி, துண்டு, காலுறை, உடைமாற்றும் அறைச் சோபாவின் உறைகூட. கடைசியில் கொக்கி முன்னால் வந்து நின்றேன். ஒரு பக்கம் அப்பாவின் அட்டை. இன்னொரு பக்கம் நகராட்சியின் தாள். நகராட்சித் தாளில் முத்திரை இருந்தது. நான் நெடுநேரம் யோசித்தேன் அத்தை. பிறகு துவைத்துவிட்டேன்.

தண்ணீர் கறுப்பாக மாறும் என்று வாஷிங் மெஷினின் கண்ணாடிக் கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். மாறவில்லை. பனியன் வெளியே வந்தபோது அதில் சோப்பு வாசனை மட்டும்தான் இருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அன்று மாலையே ஓஸ்மோ மாமா அப்பாவுக்குப் போன் செய்தார். அன்று முதல் தினமும் செய்கிறார். நாங்கள் சாப்பிடும் நேரம் என்பதால் அப்பா போனை மேஜைமேல் வைத்து சத்தமாகப் போட்டுவிடுவார்.

"அண்ணே, எப்படி இருக்கு?"

"இருக்கு."

"வாடை?"

"குறையல."

"காத்து படுதா?"

"மூலையிலதானே இருக்கு. படாது."

"நல்லதுண்ணே. வைச்சிடறேன்."

அப்பா இரண்டு வாரமாக அரங்கத்துப் பக்கமே போகவில்லை. போகாமலேயே வாடை குறையவில்லை என்று அவ்வளவு அமைதியாகச் சொல்கிறார். நான் தலையைக் குனிந்து பட்டாணி சூப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சும்மா இருக்க முடியவில்லை. போன வாரம் பனியனை நான் போட்டுக்கொண்டேன். எனக்கு அது முழங்கால்வரை வருகிறது. ஆளில்லாத அரங்கில் இருக்கை வரிசைகளில் ஏறி இறங்கி இருபது சுற்று ஓடினேன். வேர்த்தது, ஆனால் வாடை வரவில்லை. மறுநாள் விறகு பிளந்தேன். அதுவும் போதவில்லை. வேர்க்க வேண்டும் என்றால் சவுனாதானே என்று, தோட்டத்து நீராவிக் குளியல் அறையில் நெருப்புப் போட்டு, பனியனோடு உள்ளே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். வெளியே வந்தபோது பக்கத்து வீட்டு லெம்பி அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

"சட்டையோட சவுனாக்குள்ள போற பொண்ணை இப்பத்தான் பாக்குறேன். உடம்புக்கு முடியலியா?"

"இல்லைங்க."

"அப்போ வளர்ப்பு சரியில்ல."

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் விஷயம் அப்பாவுக்குப் போய்விட்டது.

"சட்டையோட சவுனாவுக்குப் போனியாமே?"

"ஆமா."

"ஏன்?"

"குளிருச்சு."

அப்பா ரொட்டியில் வெண்ணெய் தடவி முடிக்கும்வரை யோசித்தார். பிறகு சரி என்றார். என்ன சட்டை என்று கேட்கவில்லை. இப்போது பனியனில் ஒரு வாடை இருக்கிறது. ஆனால் அது ஓஸ்மோ மாமாவின் வாடை இல்லை. புகைபோட்ட மீன் மாதிரி இருக்கிறது. அப்படியே கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பையை எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஆட்டங்கள் ஏப்ரலில் தொடரலாம், தொடராமலும் போகலாம். ஓஸ்மோ மாமாவுக்கு முப்பத்தெட்டு வயது. இதுதான் கடைசி வருடம் என்று அப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். இறுதிப் போட்டியில் அவர் ஒரு தடவைகூட ஆடியதில்லை. நான் சொல்லாமல் விட்டு அவர் தோற்றால் அது என்னால். சொல்லி அவர் மனம் உடைந்து தோற்றாலும் என்னால். இரண்டில் எது நடந்தாலும் என்னை இந்த வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை எல்லார் முன்னாலும் நின்று பேசச் சொன்னதால் நான் படிப்பை விட்டது உங்களுக்குத் தெரியும். இங்கே என்னை யாரும் பேசச் சொல்வதில்லை. துணி வருகிறது, துணி போகிறது. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது அத்தை.

அந்த வாக்கியம் இதுதான்: "தைமி உங்கள் பனியனைத் துவைத்துவிட்டாள், வேண்டுமென்று செய்யவில்லை, தாளில் அப்படிப் போட்டிருந்தது." அவருடைய எண்ணை உறையின் உள்பக்கம் எழுதியிருக்கிறேன். இதற்குமேல் ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம். உங்களுக்கு அது கஷ்டம் என்று தெரியும், ஆனாலும் கேட்கிறேன். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் முழங்கால் வலி குறைந்து, வீட்டுச் சூடு குறையாமல், கூட்டமில்லாத நேரத்தில் கடைக்குப் போய்வந்து, நீங்கள் சௌக்கியமாக இருக்க வேண்டும். அப்பா தன் அன்பைச் சொல்லச் சொல்லவில்லை, ஆனால் இருக்கிறது.

உங்கள் தம்பி ரெய்னோவின் மகள்,
தைமி

பின்குறிப்பு: இன்று திங்கள். தபாலில் போடுவதற்குள் இதை எழுத வேண்டியதாகிவிட்டது. போன் செய்ய வேண்டாம்.

காலையில் நான் அரங்கத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்தபோது, வெள்ளிக்கிழமை வர வேண்டிய ஓஸ்மோ மாமா இன்றே வந்துவிட்டார். இரண்டு மீட்டர் தள்ளிக் கதவருகே நின்றார். நான் உங்களுக்காக எழுதிய வாக்கியம் மனப்பாடமாக இருந்தது. உங்கள் பனியனைத் துவைத்துவிட்டேன், வேண்டுமென்று செய்யவில்லை, தாளில் அப்படிப் போட்டிருந்தது என்று துண்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"எத்தனை டிகிரி?"

"அறுபது."

"உங்கப்பா நாப்பதுலதான் போடுவாரு."

எனக்குப் புரியவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் அண்ணன் துவைச்சிடுவாரு, தைமி. அப்புறம் என் பழைய கையுறையை அதுக்குப் பக்கத்துல வைச்சிடுவாரு, வாடைக்கு. ஒருநாள் மறந்துபோன சாவியை எடுக்க வந்தப்ப பாத்தேன். ரெண்டு மாசம் துவைக்காத துணியை எந்த மனுஷனாவது போட முடியுமா?"

"அப்போ தினமும் போன்ல கேக்குறீங்களே?"

"கேக்கலேன்னா அவருக்குச் சந்தேகம் வந்துடுமே. பனியன் துவைக்கலேன்னு பசங்க நம்பணும். நான் நம்புறேன்னு உங்கப்பா நம்பணும். எல்லாரும் நம்புறோம்னு நீ நம்பிட்டிருந்தே. இப்ப உன் நம்பிக்கை மட்டுந்தான் கெட்டுப்போச்சு."

பிறகு எழுந்துபோய்ப் பனியனை எடுத்து முகர்ந்தார். தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இது யாரு வாடை?"

"என்னோடது."

ஓடியது, விறகு பிளந்தது, சவுனா எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பனியனைப் பைக்குள் போடாமல் அதே கொக்கியில் மாட்டிவிட்டு, அட்டையை நேராக்கினார்.

"பதினோரு ஆட்டமும் துவைச்சதைப் போட்டுத்தான் ஜெயிச்சேன். துவைக்காததைப் போட்டா என்ன ஆகும்னு பாத்ததே இல்ல. ஆட்டம் திரும்ப நடந்தா இதைத்தான் போடுவேன். இனிமே இதுமேல தண்ணி படக்கூடாது, உன் பொறுப்பு."

அதனால் மேலே எழுதியதையெல்லாம் படிக்காததாக நினைத்துக்கொள்ளுங்கள் அத்தை. என் வேலை போகவில்லை, ஒன்று கூடியிருக்கிறது. நாளை அப்பா வேலைக்குத் திரும்புகிறார். பனியனை அவர் மறுபடி நாற்பதில் போட்டுவிடாமல் எங்கே ஒளித்து வைப்பது என்றுதான் தெரியவில்லை.